கீறல் இருக்கு, பாத்துக்கோங்க

மோதிரம் டீயோடு சேர்ந்துதான் மேலே வந்தது.

கீழே நகைக்கடை, மேலே பட்டறை. நடுவில் ஓர் இரும்புப் படி. யார் ஏறினாலும் கட்டடம் முழுக்கக் கேட்கும். கவுன்டரில் வாங்கிய வேலையை மேலே கொண்டுவந்து விவரம் சொல்வது முன்பெல்லாம் கவுன்டரில் நிற்பவனின் பொறுப்பு. இப்போது அது டீ போடுகிற அக்காவின் தலையில் விழுந்துவிட்டது. கவுன்டரில் நிற்பவனும் மேலே கல் தீட்டுபவனும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். கீழே நிற்பவன் மேலே இருப்பவனுக்கு மைத்துனன். மனைவியின் தம்பி.

கல் தீட்டுபவனைக் கடையில் எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கண்ணாடி போடுகிறவன் இல்லை. அவன் மெருகேற்றிய கல்லில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று முதலாளி ஒருமுறை யாரிடமோ பெருமையடித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பிடிக்காதது போலக் காட்டிக்கொள்வான்.

"இந்தா, இது உன் டீ. இது உன் வேலை," என்று அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "கல்லு ஆடுதாம், இறுக்கிக் குடுக்கணுமாம். கல்லுல கீறல் இருக்காம், பாத்துக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லுவா? உன் மச்சான்தான். மேல இருக்கிற பெரிய மனுஷன்கிட்ட சொல்லுங்கன்னான்."

"பெரிய மனுஷன்னா சொன்னான்?"

"வேற என்னவோ சொன்னான். நான்தான் மரியாதையா மாத்திச் சொல்றேன். ரெண்டு பேரும் நேர்ல பேசித் தொலைச்சா என் முட்டி பொழைக்கும்."

அவள் படியில் இறங்கும் சத்தம் கீழே போய் முடிந்தது.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைத்துனன் ஒரு ஜோக் அடித்தான். "மாமாவுக்குக் கைக்கெல்லாம் நல்லா கரண்டு வருது. மூளைக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கல." எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினால், மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மைத்துனனின் ஜோக் தோலோடு நின்றது. அவளுடைய சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து அவன் மைத்துனனிடம் பேசவில்லை. மைத்துனன் தானாக வந்து பேசிப் பார்த்தான், பிறகு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. மனைவியிடம் கோபித்துக்கொள்ளக் கண்ணாடிக்குத் துணிச்சல் இல்லாததால் கோபம் முழுவதும் அவள் தம்பியின் கணக்கில் சேர்ந்தது.

பொட்டலத்தைப் பிரித்தான். பழைய தங்கம். இப்போதைய தங்கத்தில் வராத மெத்தென்ற மஞ்சள். வளையம் தேய்ந்து ஒரு பக்கம் நெளிந்திருந்தது. நடுவில் நீள்வட்டமாகக் கருஞ்சிவப்புக் கல், சுண்டுவிரல் நகத்தின் அளவு. மேற்பரப்பு மங்கிக் கிடந்தது. நடுவே குழப்பமாகச் சில கோடுகள்.

கல் நன்றாகவே ஆடியது. பின்னாலிருந்து லேசாகத் தள்ளியதும் கையில் விழுந்துவிட்டது. பிரஷ்ஷால் அழுக்கு போகக் கழுவித் துடைத்து, லென்ஸில் வைத்துப் பார்த்தான். முதலில் வெறும் கோடுகள்தான். கல்லைக் கொஞ்சம் சாய்த்தான். விளக்கின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. கோடுகள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளாக மாறின.

ஆள் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலின் மேல் போட்டிருந்தார். முதுகு வளைந்து, முகம் குனிந்து, இரண்டு கையும் அந்தப் பாதத்தில். முதுகெலும்பு சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கீழே இறங்கியது.

லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். ஆள் அங்கேயே இருந்தார்.

கேட்க வேண்டும் என்று தோன்றியது. அது நிச்சயம். அப்படித் தோன்றவே இல்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒட்டவில்லை.

எழுந்து படியின் தலைப்பு வரை போனான். கீழே மைத்துனன் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய், இந்தக் கல்லில் ஓர் ஆள் மாதிரித் தெரிகிறது, தேய்க்கலாமா என்று கேட்க வேண்டும். அதற்கு அவன் என்ன பதில் சொல்வான் என்பது குரலோடு அப்படியே காதில் கேட்டது. "கல்லுக்குள்ள ஆள் தெரியுதா? மாமா, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க." பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளரும் சிரிப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கீறல் என்ற சொல்லுக்கு அந்தப் பட்டறையில் ஒரே அர்த்தம்தான். அது கல்லின் வியாதி. அதைப் பார்த்துக்கொள் என்றால் இல்லாமல் பண்ணு என்று பொருள். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கீறல் என்று சொன்னார்கள், பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கல்லைக் குச்சி முனையில் மெழுகால் ஒட்டினான். சாணைத் தட்டைச் சுழலவிட்டு, அதன் மேல் தண்ணீரைச் சொட்டவிட்டான்.

பாதியில் ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். ஆழமில்லாமல் செதுக்கியிருந்தவை முதலில் போயிருந்தன. முகம் இல்லை. முழங்கால் இல்லை. முதுகுப் புள்ளிகளில் நாலைந்துதான் மிச்சம். பாதமும் அதைப் பிடித்திருந்த கைகளும் ஆழம் என்பதால் அப்படியே நின்றன. அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்க்க அசிங்கமாக இருக்கும், யார் கெடுத்தது என்று கேள்வி வரும். சுத்தமாகப் போய்விட்டால் அது வேலை. பாதியில் நின்றால்தான் தப்பு. அப்படித்தான் அவன் புத்தி அப்போது ஓடியது. கல்லை மறுபடி தட்டில் வைத்தான்.

வைரப் பொடி போட்டுக் கடைசி மெருகு ஏற்றியபோது உள்ளேயிருந்து சிவப்பு எழுந்து வந்தது. விளக்கு அதில் முழுசாக விழுந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவன் கைக்கே பிடித்துப்போன வேலை. அந்த நிமிஷத்தில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கல்லைத் திரும்பப் பதித்து, சுற்றுத் தங்கத்தை அழுத்தி இறுக்கி, டம்ளர் எடுக்க வந்த அக்காவிடம் கொடுத்தனுப்பினான்.

"கீறல் மருந்துக்குக்கூட இல்லன்னு சொல்லுங்க அவன்கிட்ட."

மறுநாள் மோதிரத்துக்கு உரியவள் வந்தாள். தையற்காரி. கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது, எடுக்க மறந்து வந்திருக்க வேண்டும். மேலே இருந்த கண்ணாடிக்கு முதலில் கேட்டது மைத்துனனின் உற்சாகக் குரல். "பாருங்கம்மா, புதுசு மாதிரி ஆயிடுச்சு." அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் தட்டை நிறுத்திவிட்டுப் படியில் பாதி வரை இறங்கி நின்றான்.

"இது என்னுது இல்ல," என்றாள் தையற்காரி.

"உங்களுதுதாம்மா. வளையத்துல இந்த நெளிசல் பாருங்க, அப்படியே இருக்கு."

"வளையம் என்னுது. அவரு எங்க?"

"யாரும்மா?"

"முள்ளு எடுக்கிறவரு."

மைத்துனனுக்குப் புரியவில்லை. உள்ளறையிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். தையற்காரி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கடையில் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவள் கல்லை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா மண் தோண்டுகிற வண்டி ஓட்டியவர். பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணோடு வந்த மோதிரம். கல்லில் ஓர் ஆள் உட்கார்ந்து காலில் முள் எடுப்பது போலச் செதுக்கியிருக்கும். மியூசியத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டாயிரம் வருஷமாவது இருக்கும், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அப்பா முடியாது என்றுவிட்டார். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா தினமும் காலையில் குளியல் சோப்பில் அந்தக் கல்லை அழுத்துவார். சோப்பில் அந்த ஆள் எழுந்து வருவார். யார் முதலில் குளிப்பது என்று அக்கா தங்கைகளுக்குள் சண்டை. வீட்டில் அவருக்குப் பெயர் முள்ளுக்காரர்.

"இப்ப அப்பாவுக்குக் கண்ணு சுத்தமா தெரியாது. கட்டை விரல் நகத்தால தடவித் தடவி, இருக்காரான்னு பாத்துக்குவாரு. பாத்துப் பாத்துத்தான் கல்லே ஆடிப் போச்சு. இறுக்கத்தான் குடுத்தேன்."

முதலாளி சமாதானம் பேசுவதில் கெட்டிக்காரர். "புதுசா செதுக்கிடலாம்மா. கம்ப்யூட்டர் மெஷின்லயே செய்றாங்க. ஒரு போட்டோ மட்டும் குடுங்க."

"போட்டோ ஏது? வீட்டுலயே இருக்கிறவர யாரு போட்டோ எடுத்து வெப்பா?"

முதலாளி மைத்துனன் பக்கம் திரும்பினார். "நீ மேல என்ன சொல்லி அனுப்புன?"

"கல்லு ஆடுது, இறுக்கணும். கல்லுல கீறல் இருக்கு, பாத்துக்கணும்னு."

"நான் அப்படித்தான் சொன்னேன்," என்றாள் தையற்காரி. அவள் முகம் சிவந்தது. "கீறி வெச்சிருக்காங்க, ஜாக்கிரதையா பாத்துக்கோங்கன்னு. உருவம்னு சொல்லியிருக்கணும். எங்க வீட்டுல கீறல்னுதான் சொல்லுவோம்."

"அவங்களுக்குத் தெரியாது, சரி. நீ கவுன்டர்ல எதுக்கு நிக்கிற? என்ன கீறல்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? நேர்ல போய்ச் சொல்ல மாட்டியா? டீ குடுக்கிறவங்ககிட்ட சொல்லி அனுப்புறதுக்கா உனக்குச் சம்பளம்?"

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். ஜோக் அடிக்காத அவன் முகம் வேறு யாருடைய முகமோ போல இருந்தது. "என் தப்புதான் சார். நான் கல்லச் சரியா பாத்திருக்கணும். மாமா மேல ஒண்ணும் இல்ல. கீறல்னா அவர் தேய்ச்சுத்தான் குடுப்பார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லல."

முதலாளி நிமிர்ந்து படியைப் பார்த்தார். "ஏம்பா, உனக்கு ஒண்ணும் தெரியலயா கல்லுல?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். தையற்காரியும். அவள் பார்வையில் கோபம்கூட இல்லை. ஒரு மெஷினைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"கீறல்னு சொன்னாங்க," என்றான் கண்ணாடி.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள் தையற்காரி மோதிரத்தைக் கவுன்டரில் வைத்தபடி. "என்னால முடியாது. உங்க ஆளுங்க யாராவது வந்து, அவர் கையில குடுத்துச் சொல்லுங்க."

முதலாளி மைத்துனனைப் பார்த்தார். "நாளைக்கு நீ போ. அந்தப் பெரியவர் என்ன சொல்றார்னு பாத்துட்டு வந்து என்னைப் பாரு. அதுவரைக்கும் கவுன்டர்ல நிக்காத. அதுக்கப்புறம் நிக்கிறதப் பத்தி யோசிக்கலாம்." யோசிக்கலாம் என்று முதலாளி சொன்னால் யோசித்தாகிவிட்டது என்று பொருள் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவிக்குச் செய்தி வந்திருந்தது. அவள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி போன் பண்ணான். வேலை போயிடும் போலன்னான்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சொன்னான். 'மாமா பாவம்க்கா, அவரே மனசு உடைஞ்சு போயிருப்பார். அவருக்கு என்ன தெரியும், கல்லக் கையில குடுத்தா தேய்ப்பார், கொழந்தை மாதிரி'ன்னான்." அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். "நீங்க அதையே நெனைச்சுட்டு இருக்காதீங்க. தெரியாம செஞ்சதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

அவன் சாப்பிட்டான். விஷயம் அவனுக்கு இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. மூளைக்குக் கனெக்‌ஷன் இல்லை என்று சொன்னதற்காகத்தான் இத்தனை மாதம் அவன் விறைத்துக்கொண்டிருந்தான். இன்று அவனைக் காப்பாற்றுவது அதே பேச்சுதான். அவன் மடையனாக இருக்கும் வரை அவன் மேல் குற்றம் இல்லை. நான் மடையன் இல்லை, நான் பார்த்தேன் என்று சொன்னால் மைத்துனன் தப்பிப்பான், இவன் மாட்டுவான். இதில் எது தனக்கு வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். நேர்மையான பதில், மடையனாகவே இருந்துவிடலாம் என்பதுதான். அந்தப் பதில் வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நாளைக்கு நானும் அவன்கூடப் போறேன்," என்றான்.

மனைவி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவனால் பார்க்க முடியவில்லை. "நிஜமாவா? இதுக்காவது மனசு வந்துச்சே உங்களுக்கு." அவள் அங்கேயே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், மாமாவே வர்றாராம்டா. உன்ன விட்டுக் குடுக்க மாட்டாராம்."

காலையில் மைத்துனன் பைக்கோடு வாசலில் நின்றான். கண்ணாடி பின்னால் ஏறிக்கொண்டான். வண்டி கிளம்பியதும் மைத்துனன் ஆரம்பித்துவிட்டான். தேக்கிவைத்திருந்த பேச்சு.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாமா. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய் நிக்காது, அக்கா எத்தனையோ தடவை திட்டியிருக்கா. நீங்க பேசாம இருந்தது எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. நேத்து உங்க முகத்தப் பாத்தேன், படியில நின்னீங்களே. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அங்க. நான் பாத்துக்கிறேன்."

"ம்," என்றான் கண்ணாடி, அவன் முதுகைப் பார்த்தபடி.

தையற்காரியின் வீட்டில் முன்னறை முழுவதும் துணி. வெட்டியது, வெட்டாதது, பாதி தைத்தது. ஜன்னலோரம் மெஷின். அவள் எழுந்திருக்கவில்லை, உள்ளறையைக் கையால் காட்டினாள்.

பெரியவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ரேடியோ சின்னச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கைகள். வலது கட்டை விரல் நகம் மட்டும் நீளமாக, தடித்து, மஞ்சளாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கொண்டாந்தாச்சா?"

மைத்துனன் மோதிரத்தை அந்தக் கையில் வைத்தான். பெரியவர் அதை விரலில் போட்டுக்கொள்ளும் முன்பே நகத்தைக் கல்லின் மேல் வைத்தார். நகம் வழுக்கியது. மறுபடி வைத்தார். கல்லின் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிவந்தார், பிறகு குறுக்கே போனார். இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல.

"இறுக்கியிருக்காங்க," என்றார். இன்னும் தேடினார். "அவரு எங்க?"

"ஐயா, தப்பு என்னுது," என்று மைத்துனன் ஆரம்பித்தான். "உங்க பொண்ணு கீறல் இருக்குன்னாங்க. நான் சரியா கேட்டுக்கல. மேல தப்பா சொல்லி அனுப்பிட்டேன், அது தேய்ஞ்சு..."

"தேய்ச்சது நீயா?"

"இல்லங்க. மாமாதான் தேய்ச்சார். ஆனா அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா..."

"நீ சும்மா இரு. தேய்ச்சவன் வந்திருக்கானா?"

"வந்திருக்கேங்க," என்றான் கண்ணாடி.

பெரியவர் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். திட்டப் போகிறார் என்று கண்ணாடி காத்திருந்தான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, தெரியாதுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பான். அந்த வார்த்தை வாயில் தயாராகத்தான் இருந்தது.

"உங்ககிட்ட லென்ஸு இருக்கும்ல?" என்றார் பெரியவர்.

"இருக்குங்க."

"நான் வெறுங்கண்ணாலதான் பாத்திருக்கேன். அப்புறம் அதுவும் போச்சு. லென்ஸு வெச்சு இந்த வீட்டுல யாரும் பாத்ததில்ல." அவர் குரலில் வெட்கம் மாதிரி ஏதோ இருந்தது. "அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

பொறி இல்லை அது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பார்க்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஆள் அதோடு முடிந்துவிடுவார், அவரைக் கடைசியாகப் பார்த்த ஒரே மனிதனும் பார்க்காதவனாகிவிடுவான்.

"குனிஞ்சிருந்துச்சுங்க," என்றான் கண்ணாடி. "தாடி இல்ல. மூக்கு நேரா இருந்துச்சு. வாயை இறுக்கி மூடியிருந்தார்."

பக்கத்தில் மைத்துனன் அசைவது நின்றது.

"அப்புறம்?"

"முடி சுருட்டை. காதுக்கு மேல மூணு நாலு வளையம் மாதிரி. முதுகெலும்பு தெரிஞ்சுது, ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி. பாறையில உட்கார்ந்திருந்தார். பாறைக்குக் கீழ ஒரு சின்னச் செடி."

"செடி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. ரெண்டு இலை."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் தனக்கு எதிராகவே ஒவ்வொரு சாட்சியாகக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். இலையைப் பார்த்தவன் ஆளைப் பார்க்கவில்லை என்று இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது. அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பெரியவரின் கண்கள் எங்கேயோ நிலைத்திருந்தன, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு தெரிஞ்சுதா? கையில எடுத்துட்டாரா, இல்ல இன்னும் கால்லயே இருந்துச்சா?"

"முள்ளு இல்லங்க ஐயா. செருப்பு. வார் ஒண்ணு கணுக்கால சுத்தி வந்துச்சு. அதத்தான் இழுத்துக் கட்டிட்டு இருந்தார்."

பெரியவரின் நகம் கல்லின் மேல் அப்படியே நின்றது. முன்னறையில் மெஷின் ஓடவில்லை என்பதைக் கண்ணாடி கவனித்தான்.

"அப்ப எங்கயோ கெளம்பிட்டு இருந்திருக்கார்," என்றார் பெரியவர். "நாங்க இத்தன வருஷமா முள்ளுக்காரர் முள்ளுக்காரர்னு சொல்லிட்டு இருந்திருக்கோம். நீ அனுப்பியே வெச்சுட்ட."

மைத்துனன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தேய்க்கும்போது எது மொதல்ல போச்சு?"

"மூஞ்சி. அப்புறம் முழங்கால்."

"கடைசியா?"

"கை. கால்ல செருப்பக் கட்டிட்டு இருந்த கை."

"அதையும் பாத்தியா?"

"பாத்தேங்க. நடுவுல எடுத்துப் பாத்தேன்."

பெரியவர் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதுதான் கண்ணாடி எதிர்பார்க்காதது. "நானும் தேய்ச்சவன்தான் தம்பி. மியூசியக்காரர் அன்னிக்கே சொன்னார், இங்க இருந்தா கெட்டுப் போகும்னு. கேக்கல. எந்நேரமும் இந்த நகத்தால தடவிட்டே இருந்தேன். பாதி நான் தேய்ச்சிருப்பேன். மிச்சத்தத்தான் நீ தேய்ச்ச."

அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆமாங்க, ஏற்கெனவே ரொம்பத் தேய்ந்திருந்தது என்று சொல்லியிருந்தால், ஒரு கிழவருக்கு ஆறுதல், தனக்குப் பாதிச் சுமை. மைத்துனன்கூட அதை நம்பத் தயாராக இருப்பான்.

"நகத்துல அந்தக் கல்லு தேயாதுங்க," என்றான் கண்ணாடி. "இரும்புக் கம்பியால இழுத்தாக்கூட கோடு விழாது. நீங்க ஒண்ணும் தேய்க்கல. எல்லாம் சுத்தமா இருந்துச்சு."

"அப்ப முழுசும் நீதானா?"

"ஆமாங்க. நான்தான்."

பெரியவர் தலையை ஆட்டினார். கையை நீட்டித் தடவி ரேடியோவைப் போட்டுவிட்டார். யாரோ ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். இருவரும் வெளியே வந்தார்கள்.

முன்னறையில் தையற்காரி மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். கண்ணாடி அவள் முன்னால் ஒரு கணம் நின்றான். அவள் குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

தெருவில் பைக் பக்கத்தில் வந்ததும் மைத்துனன் சாவியை எடுத்தான். போடவில்லை.

"தேய்க்கிறதுக்கு முன்னாடியே பாத்தீங்களா?"

"ம்."

"ஏன் கேக்கல? ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் மேல வந்திருப்பேன்ல."

"உன்கிட்ட கேக்கணுமேன்னுதான்."

மைத்துனனுக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் கோபப்படவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். முந்தின நாள் முதலாளி முன்னால் தான் சொன்னதை எல்லாம் அவன் மறுபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாமாவுக்கு என்ன தெரியும் என்று அக்காவிடம் சொன்னதையும்.

"முதலாளிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லணுமா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கா?"

"இப்பவே போறேன்."

"அக்காகிட்ட?"

கண்ணாடி வாயைத் திறந்தான். முதலாளியிடம் என்ன சொல்வது என்பது வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது. நேற்று அந்தச் சந்தோஷத்தோடு போனை எடுத்தவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

மைத்துனன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஏறுங்கள் என்று சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை கண்ணாடி அங்கேயே நின்றான், பிறகு நடந்தான். கடைக்குப் போகும் வழியில் வீடு முதலில் வரும்.